மூன்று வாரமாகக் கண் இமை துடிக்கிறது: எதனால், எப்போது பயப்பட வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இது: வயது 34, ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை, மூன்று வாரமாக வலது கண்ணின் கீழிமை விட்டுவிட்டுத் துடிக்கிறது, இது சத்துக் குறைவா, நரம்புத் தளர்ச்சியா, எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? பெண்ணுக்கு வலக்கண் துடித்தால் ஆகாது என்று அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டதையும், அலுவலகத் தோழி மெக்னீசியம் மாத்திரை வாங்கித் தந்ததையும், ராத்திரி 2 மணிக்கு கூகுளில் தேடப் போய் ஏதோ ஒரு பெரிய நரம்பு வியாதியின் பெயரில் முட்டி நின்றதையும் எழுதியிருக்கிறீர்கள். காரணம் என்ன என்று கேள்வி தொடங்கினாலும், இது பெரிய வியாதிக்கு முன்னறிவிப்பா என்பதுதான் உங்களைத் தூங்கவிடாத கேள்வி என்று நினைக்கிறேன். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கிறபடி ஒரு பக்கத்துக் கீழிமை மட்டும், கண் மூடிக்கொள்ளாமல், முகத்தில் வேறெங்கும் பரவாமல் துடித்தால், அது அநேகமாகத் தானே அடங்கிவிடுகிற வகை. அந்த ராத்திரி 2 மணியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குத் திரும்ப வருகிறேன்.

காவிரிக் கரையில் ஒரு சிறிய ஊரில் 22 ஆண்டுகளாகக் கண் மருத்துவம் பார்க்கிறேன். நரம்பியல் என் துறை அல்ல. இமைத் துடிப்போடு வருகிறவர்களில் யாரை நரம்பியல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பதோடு என் வேலை முடிகிறது. உங்கள் கண்ணை நேரில் பார்க்காமல் எழுதுகிறேன் என்பதையும் மறந்துவிடாதீர்கள். இந்த விஷயத்தில் உறுதியாகத் தெரிந்தது, நாங்கள் வழிவழியாகச் சொல்லிவருவது, வெறும் நம்பிக்கை மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்கலாம். கண்ணைச் சுற்றி வளையம் போல ஒரு மெல்லிய தசை இருக்கிறது. கண்ணை மூடுவது, இமைப்பது, வெயிலில் இடுக்கிக்கொள்வது எல்லாம் அதன் வேலை. அதை இயக்குவது முகநரம்பு. மூளையிலிருந்து புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் ஏழாவது. மேலிமையைத் தூக்கித் திறப்பது வேறு தசை, அதற்கு நரம்பும் வேறு, மூன்றாவது நரம்பு. இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும். வளையத் தசையில் சில இழைகள் மட்டும், நாம் நினைக்காமலேயே, தாமாகச் சுருங்கிச் சுருங்கி விடுவதைத்தான் துடிப்பு என்று உணர்கிறீர்கள். மருத்துவத்தில் மயோகைமியா என்பார்கள். உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத் தோல்தான், ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அடியில் நாலு இழை அசைந்தாலும் தெரிந்துவிடும். இதே அளவு துடிப்பு தொடையில் வந்தால் நாம் கவனிக்கப்போவதில்லை. “எல்லாரும் என் கண்ணையே பாக்குற மாதிரி இருக்கு டாக்டர்” என்று வருகிறவர்கள் உண்டு. எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்த்தாலும் எனக்குப் பல நேரம் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் கீழிமையில்தான் வரும், ஒரு பக்கம் மட்டும் வரும். சில நொடி துடிக்கும், நிற்கும், மறுபடி தொடங்கும். சிலருக்கு நாலு நாளில் போய்விடும், சிலருக்குச் சில வாரம், அபூர்வமாக மாதக்கணக்கில் இழுக்கும். நீண்டு போனாலும் இமையோடு நிற்கிறவரை அது கெடுதல் செய்யாது என்பதுதான் இதுவரை பார்த்தவர்களின் அனுபவம்.

அந்த இழைகள் ஏன் திடீரென்று கிளம்புகின்றன என்பதற்கு முழு விடை மருத்துவத்திடம் இன்னும் இல்லை. தூக்கமின்மை, மன அழுத்தம், களைப்பு, காபி டீ, மது, கண் வறட்சி, நாள் முழுக்கத் திரை என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அது பெரும்பாலும் நோயாளிகளைக் கேட்டுக் கேட்டு உண்டானது. துடிக்கிறவர்களையும் துடிக்காதவர்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு, அவையும் சிறியவை. தவிர, கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு வழுக்கல் இருக்கிறது. இமை துடிக்கிற ஒருவரிடம் “சரியாத் தூங்குறீங்களா, டென்ஷன் உண்டா” என்று கேட்டால், இந்தக் காலத்தில் யார்தான் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று சொல்வார்கள்? பேருந்து நிலையத்தில் நிற்கிற யாரைக் கேட்டாலும் அதே பதில்தான் வரும்.

அப்படியிருந்தும் தூக்கத்தை நான் பட்டியலின் தலையில் வைப்பேன். ஒரு காரணம், அதைச் சரிசெய்தவர்களிடம் துடிப்பு அடங்குவதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று சொந்த அனுபவம். முதுநிலைத் தேர்வுக்குப் படித்த காலத்தில் என் இடது கீழிமை ஐந்து வாரம் ஆடியது. ராத்திரி ஒரு மணிவரை படிப்பு, இடையிடையே விடுதி வாசலில் டீ. கண் மருத்துவம் படித்துக்கொண்டே, இமைத் துடிப்பு சாதாரணமானது என்ற பாடத்தையும் படித்துக்கொண்டே, எனக்கு மட்டும் மூளையில் கட்டியாக இருக்குமோ என்று பயந்தேன். தேர்வு முடிந்து வீட்டுக்குப் போய் நாலு நாள் தூங்கினேன். எந்த நாளில் நின்றது என்றுகூடத் தெரியாது. நின்றுவிட்டது என்பதே ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. இதை ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். தூக்கம் குறைந்ததா, டீ கூடியதா, பயம்தானா, எது செய்தது என்று பிரிக்க வழியில்லை. நீங்கள் சொன்னதிலும் மூன்றும் கலந்தே இருக்கின்றன: கணக்கு முடிக்கும் மாதம், சாயங்காலம் 6 மணிக்கு மேல் இரண்டு காபி, அப்புறம் 2 மணிக்கு கூகுள்.

காபியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேசலாம், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் காபியைக் குறை சொன்னால் அடுத்த முறை நோயாளி வரமாட்டார். காபியில் உள்ள காஃபீன் நரம்புகளைத் தூண்டும், தூக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது உறுதி. ஆரோக்கியமான பெரியவர் உடம்பில் அது பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணிக்குக் குடித்ததில் பாதி ராத்திரி 11 மணிக்கும் உள்ளே இருக்கும். காஃபீன் நேராக இமையைத் துடிக்க வைக்கிறதா, தூக்கத்தைக் கெடுத்து அதன் வழியாகச் செய்கிறதா என்பது அவ்வளவு உறுதி இல்லை. நாளுக்கு 400 மில்லிகிராம் வரை பெரியவர்களுக்குப் பொதுவாகப் பாதகமில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. ஒரு டம்ளர் ஃபில்டர் காபியில் எத்தனை மில்லிகிராம் என்பது உங்கள் வீட்டு டிகாக்ஷனின் கெட்டியைப் பொறுத்தது, அதற்கு ஒரே கணக்கு கிடையாது. ஆகவே அளவைவிட நேரத்தைப் பாருங்கள் என்பேன். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, மதியத்துக்கு மேல் வேண்டாம். ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். பழகிய உடம்புக்குத் தலைவலி வரும், அப்புறம் அதற்கு ஒரு மாத்திரை தேடுவீர்கள்.

அடுத்தது கண்ணே காரணமாக இருப்பது. இது என் துறை என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சாதாரணமாக நிமிடத்துக்கு 15 முறை அளவில் இமைக்கிற நாம், திரையைப் பார்க்கும்போது அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான் இமைக்கிறோம். அந்த இமைப்பும் பல நேரம் அரைகுறையாக இருக்கும், மேலிமை பாதி வரை வந்து திரும்பிவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்து கருவிழி உறுத்த, கண்ணை மூடு என்ற செய்தி அனிச்சையாக வளையத் தசைக்குப் போய்க்கொண்டே இருக்கும். ஏசி காற்று முகத்தில் நேராக அடித்தால் இன்னும் மோசம். மணல் போட்டது போல உறுத்தல், சாயங்காலம் எரிச்சல், சில நேரம் அதற்கு நேர்மாறாகக் கண்ணில் நீர் வடிவது, இவை இருந்தால் துடிப்பைவிட வறட்சியைத்தான் முதலில் கவனிப்பேன். இமை ஓரத்தில், முடியின் வேரில், பொடுகு மாதிரி படிந்திருக்கும் அழற்சியும் இதைச் செய்யும். உள்பக்கம் வளைந்து கருவிழியை உரசுகிற ஒரே ஒரு இமைமுடிகூடச் செய்யும்; அதைப் பிடுங்கிவிட்டதும் நோயாளி என்னைப் பெரிய மந்திரவாதி போலப் பார்ப்பார்.

கண்ணாடிப் பவர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பவர் குறைபாடு துடிப்பை உண்டாக்கும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. ஆனால் சரியில்லாத பவரோடு எட்டு மணி நேரம் எக்செல் பார்ப்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டேதான் பார்ப்பார், இடுக்குவதும் அதே வளையத் தசைதான். 40-ஐ ஒட்டிய வயதில் வெள்ளெழுத்து தொடங்குகிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டது தெரிந்துவிடும் என்று இரண்டு வருடம் தள்ளிப்போட்டு, செல்போனைக் கை நீளம் போதாத தூரத்தில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். உங்களுக்கு 34 என்பதால் அது பொருந்தாது; கடைசியாகப் பவர் பார்த்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இனி நரம்புத் தளர்ச்சி. கை நடுக்கம், களைப்பு, மறதி, பயம், ஆண்களின் ரகசியக் கவலைகள் வரை எல்லாவற்றையும் இந்த ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறோம். இவை எல்லாவற்றையும் அடக்குகிற ஒரே நோய் என்று மருத்துவத்தில் எதுவும் இல்லை. ஆனால் அதற்கு ஊசி மட்டும் ஊருக்கு ஊர் கிடைக்கிறது, சிவப்புத் தண்ணீராக, பி காம்ப்ளெக்ஸ் என்ற பெயரில். பி12 குறைவு உண்மையான பிரச்சினைதான், சைவ உணவுக்காரர்களிடம் நம் நாட்டில் அதிகம் உண்டு. அது பொதுவாகக் கால் மரத்துப்போவது, ஊசி குத்துவது போன்ற உணர்வு, ரத்தசோகை, நடையில் தள்ளாட்டம் என்று காட்டும். இமை மட்டும் துடிப்பதை வைத்து பி12 குறைவு என்று சொல்ல முடியாது. சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள், பிறகு ஊசி. ஊசியைப் போட்டுவிட்டுப் பரிசோதனை செய்தால் அளவு ஏறியிருக்கும், உண்மை நிலை தெரியாமல் போகும்.

மெக்னீசியமும் கால்சியமும் கொஞ்சம் வேறு கதை. ரத்தத்தில் இவை நன்றாகக் குறைந்தால் தசைகள் துள்ளும் என்பது உறுதி. காதுக்கு முன்னால் விரலால் தட்டினால் முகம் சுண்டியிழுப்பது கால்சியம் குறைவுக்கான பழைய பரிசோதனை. ஆனால் அந்த அளவுக்குக் குறைந்தவருக்கு இமை மட்டும் துடிப்பதில்லை. வாயைச் சுற்றி மரத்துப்போகும், விரல்கள் இழுத்துக்கொள்ளும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். தைராய்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் இதை மறக்காமல் கேட்பேன். மெக்னீசியம் குறைய வாய்ப்புள்ளவர்கள் தொடர் வயிற்றுப்போக்கு உள்ளவர்கள், அதிகம் மது அருந்துகிறவர்கள், சிலவகை நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள். அப்புறம் கேஸ் மாத்திரையை, அதாவது ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் வகையை, வருடக்கணக்கில் தினமும் விழுங்குகிறவர்கள். அவற்றை ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டால் மெக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரித்தது. நம் ஊரில் யாரும் அந்த மாத்திரையை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. “வேற மாத்திரை சாப்பிடுறீங்களா” என்றால் இல்லை என்பார்கள், காலையில் வெறும் வயிற்றில் போடுவது மாத்திரையே அல்ல என்பது போல. இவற்றில் எதுவும் இல்லாத, நன்றாகச் சாப்பிடுகிற உங்களுக்கு மெக்னீசியம் மாத்திரையால் துடிப்பு நிற்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து திடமான சான்று இல்லை. பெரிய கெடுதலும் இல்லை, வயிறு கொஞ்சம் இளகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கட்டாயம் தொடக் கூடாது.

ஆனால் உங்கள் தோழி தனக்கு மாத்திரையால் நின்றது என்று சத்தியம் செய்வார், நான் நம்புகிறேன். தானாக நிற்கப்போகிற ஒன்றுக்கு எதைச் செய்தாலும் நிற்கும், கடைசியாகச் செய்ததற்குப் பெயர் கிடைக்கும். துடிப்பு தாங்க முடியாத கட்டத்தில்தானே ஆள் மருந்தைத் தேடுகிறார், அதற்குப் பிறகு அது குறையத்தான் வழி. இந்த வகையில் மெக்னீசியம், வாழைப்பழம், பி காம்ப்ளெக்ஸ் ஊசி, நான் எழுதிக் கொடுக்கிற சொட்டு மருந்து, உங்கள் அம்மாவின் நேர்த்திக்கடன் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. என் சொட்டு மருந்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மாவைக் கேலி செய்ய இதைச் சொல்லவில்லை. பெண்ணுக்கு இடம் துடித்தால் நல்லது, வலம் துடித்தால் ஆகாது என்பது நம்மிடம் மிகப் பழைய நம்பிக்கை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன, அடுத்து யாருக்கு என்ன நடக்கப்போகிறது என்பதை அதிலேயே சொல்லிவிடுகிறார்கள். உடலியல்படி இரண்டு பக்கத் தசையும் நரம்பும் ஒரே மாதிரிதான். கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள், அம்மாவுக்குத் தூக்கம் வரும்.

மருந்துகளால் வரும் துடிப்பும் உண்டு, இதை அதிகம் பேர் கேட்பதில்லை. மனநோய்க்கான சில மருந்துகள், நீண்ட நாள் சாப்பிட்டால் மெட்டோகுளோபிரமைடு என்ற வாந்தி மாத்திரை, இவை முகத் தசைகளில் வேண்டாத அசைவுகளை உண்டாக்கலாம். ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் தருகிற டோபிராமேட்டோடு இமைத் துடிப்பு வந்ததாகவும் பதிவுகள் உண்டு. புது மாத்திரை தொடங்கிய பிறகு துடிப்பு வந்திருந்தால் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், குறிப்பாக வலிப்பு மாத்திரையை.

இப்போது, சாதாரணத் துடிப்பு மாதிரி தொடங்கி வேறாக முடிகிற இரண்டு நோய்கள். பயமுறுத்த அல்ல, இரண்டுக்கும் நல்ல சிகிச்சை இருந்தும் பலர் வருடக்கணக்கில் வீணாகக் காத்திருக்கிறார்கள் என்பதால் சொல்கிறேன். முதலாவது முகத்தின் ஒரு பாதி மட்டும் இழுத்துக்கொள்வது. கண்ணோரம் துடிப்பாகத்தான் ஆரம்பிக்கும். மாதங்கள் போகப்போக அதே பக்கத்துக் கன்னம், உதட்டோரம் என்று இறங்கும். அப்போது கண்ணும் வாய்க்கோணலும் ஒரே நேரத்தில் சுண்டும், தூக்கத்திலும் விடாது. ஜவுளிக் கடையில் விற்பனையாளராக இருந்த ஒருவர் என்னிடம் வந்தது மூன்றாவது வருடத்தில். சேலை எடுக்க வரும் பெண்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறார் என்று புகார் வந்து, முதலாளி அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டார். அதுவரை இரண்டு வருடம் நரம்பு ஊசி போட்டிருந்தார். இந்த நோய்க்குக் காரணம் அநேகமாக ஒரு ரத்தக் குழாய். முகநரம்பு மூளைத்தண்டிலிருந்து வெளியே வரும் இடத்தில் ஒரு தமனி அதன்மேல் படிந்து, ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் இடித்துக்கொண்டிருக்கும். எம்.ஆர்.ஐ. தேவைப்படுவது இங்கேதான். குழாயை விலக்கி நடுவில் சிறு பஞ்சு போன்ற தடுப்பு வைக்கும் அறுவை சிகிச்சையை 1960-களிலிருந்து வளர்த்தெடுத்துப் பரப்பியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா. பக்கத்திலேயே காது நரம்பு ஓடுவதால் கேட்கும் திறனுக்குக் கொஞ்சம் ஆபத்து உண்டு. அறுவை வேண்டாம் என்பவர்களுக்கு, தசையைத் தற்காலிகமாகத் தளர்த்தி வைக்கிற போடாக்ஸ் ஊசி. நம்மவர் ஊசியைத் தேர்ந்தெடுத்தார், இப்போது மறுபடி சேலைப் பிரிவில் இருக்கிறார்.

இரண்டாவது, இரண்டு கண்ணும் சேர்ந்து இறுக மூடிக்கொள்வது. பெரும்பாலும் 50 வயதுக்கு மேல் தொடங்கும், பெண்களுக்கு அதிகம். முதலில் அடிக்கடி இமைப்பார்கள், வெளிச்சம் கூசும், கண் வறட்சி என்றே நாங்களும் சொட்டு மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம். போகப்போக வெயிலில், வண்டி ஓட்டும்போது, டிவி பார்க்கும்போது கண் தானாக மூடிக்கொண்டு திறக்கவே மறுக்கும். பார்வை நன்றாக இருந்தும் பார்க்க முடியாத நிலை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பாட்டை முணுமுணுத்தால் கண் திறக்கிறது, நிறுத்தினால் மூடிக்கொள்கிறது என்றார். வீட்டில் நடிக்கிறார் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நடிப்பு இல்லை, இந்த நோயின் அடையாளமே அதுதான். பாடுவது, பேசுவது, புருவத்தின் ஓரத்தைத் தொடுவது, ஏதாவது ஒன்று சிலருக்குக் கொஞ்ச நேரம் விடுதலை தரும், ஏன் என்று முழுதாகப் புரியவில்லை. இதற்கும் போடாக்ஸ்தான். அழகு நிலையச் சமாசாரம் என்று பெயரெடுத்துவிட்ட இந்த மருந்துக்கு அமெரிக்காவில் 1989-ல் முதன்முதலாகக் கிடைத்த அனுமதி மாறுகண்ணுக்கும் இமை இறுக்கத்துக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் செய்த வேலை அது. முகச் சுருக்கத்துக்கு அனுமதி வந்தது 2002-ல். ஊசி சில நாளில் வேலை செய்யத் தொடங்கும், ஏறக்குறைய மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போட வேண்டும். சிலருக்கு இமை கொஞ்ச நாள் தொங்கும், கண் வறளும். அவை ஊசியோடு சேர்ந்தே தேய்ந்துபோகும்.

வாதம் வருமா என்றும் கேட்டிருந்தீர்கள். பக்கவாதத்தில் தசை பலம் இழக்கும், துள்ளாது. வாய் ஒரு பக்கம் கோணி, கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால் கண் மருத்துவரைத் தேடாமல் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிட வேண்டும். கூகுள் உங்களைக் கொண்டுபோய் விட்ட ஏ.எல்.எஸ்., அதாவது விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு இருந்த, தசைகளை இயக்கும் நரம்புகள் மெல்ல அழிகிற நோய், பொதுவாகக் கை கால் பலவீனத்தில் அல்லது பேச்சிலும் விழுங்குவதிலும் ஏற்படும் சிரமத்தில் தொடங்கும். இமை மட்டும் துடித்துத் தொடங்குவது அதன் வழக்கம் அல்ல. இமை துடிக்காமல், சாயங்காலம் ஆக ஆகத் தொங்குகிறது, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்றால் அது வேறு பாதை. அங்கே மேலிமையைத் தூக்குகிற தசையும் மூன்றாவது நரம்பும் சந்தேகத்துக்கு வரும், தாமதிக்கக் கூடாது. ஒரு பக்கக் கன்னம் முழுக்கத் தோலுக்கடியில் புழு நெளிவது போல் அலையடித்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். துடிப்பு வரும்போது இமையோடு பார்வையே ஆடினாலும், எழுத்துகள் குதித்தாலும் அப்படியே. உங்களுக்கு இவை எதுவும் இல்லாததால் இப்போது எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்பது என் கருத்து. அதில் கிடைக்கப்போவது பில்லும், சம்பந்தமில்லாத ஏதாவது ஒரு சின்னப் புள்ளியும், அதைப் பற்றி இன்னொரு மாதக் கவலையும்தான்.

கடைசியில் போகிற போக்கில் உங்கள் அக்கா மகன், ஏழு வயது, கண்ணைக் கொட்டிக்கொட்டி இமைக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அது வேறு விஷயம். ஒவ்வாமை அரிப்பா, பவர் குறையா என்று கண்ணை ஒருமுறை காட்டிவிடுங்கள். கண் சரியாக இருந்தால் பெரும்பாலும் டிக் எனப்படும் பழக்க அசைவாக இருக்கும், பல குழந்தைகளுக்குச் சில மாதங்களில் போய்விடும். “இமைக்காதடா” என்று சொல்லச் சொல்ல அதிகமாகும். அக்காவிடம் சொல்ல வேண்டியது அது ஒன்றுதான்.

சரி, உங்கள் இமைக்கு வருவோம். இரண்டு வாரம் இப்படி இருந்து பாருங்கள். ராத்திரி 11 மணிக்குள் படுங்கள், போனைப் படுக்கையறைக்கு வெளியே விட்டுவிடுங்கள். கூகுளில் நோயைத் தேடுவது அதோடு தானாக நின்றுவிடும். காபியை மதியத்தோடு முடியுங்கள். வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 நொடி பாருங்கள், அப்போது பத்து முறை முழுதாக மூடி மூடித் திறங்கள். உறுத்தல் இருந்தால் கண்ணீர் போன்ற சொட்டு மருந்து நாளுக்கு மூன்று நான்கு முறை விடலாம். மெடிக்கலில் “கண்ணுக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்காதீர்கள், ஸ்டீராய்டு கலந்த சொட்டு கைக்கு வரலாம், அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் ஐந்து நிமிடம் வைப்பது சுகமாக இருக்கும். துடிப்பை நிறுத்துமா என்பது சந்தேகம், வறட்சிக்கு நல்லது. துடிக்கும்போது இமையை விரலால் லேசாக இழுத்துப் பிடித்தால் அந்த நேரத்துக்கு அடங்கலாம். தேய்க்காதீர்கள்.

இன்னும் ஒரு மாதத்திலும் நிற்கவில்லை என்றாலோ, அதற்கு முன்பே கண் முழுதாக மூடிக்கொண்டாலோ, கன்னத்துக்கும் வாய்க்கும் இறங்கினாலோ, இமை தொங்கினாலோ, கண் சிவந்து வீங்கினாலோ பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் போங்கள். போகும்போது கையில் ஒரு வீடியோ இருக்கட்டும். இமைத் துடிப்புக்கு ஒரு குணம் உண்டு, மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நின்றுவிடும், சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கினால் தொடங்கிவிடும். ஆகவே துடிக்கும்போதே போனை எதிரே வைத்து, நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் எடுத்துவிடுங்கள். கண்ணை மட்டும் கிட்டத்தில் எடுக்க வேண்டாம், நெற்றியிலிருந்து முகவாய் வரை முழு முகமும் தெரிய வேண்டும். சும்மா கொஞ்ச நேரம், பிறகு பேசிக்கொண்டு கொஞ்ச நேரம், பிறகு பல் தெரியச் சிரித்து, கடைசியில் கண்ணை இறுக மூடித் திறந்து. அதைப் பார்த்தால் போதும், மேலே சொன்னதில் நீங்கள் எந்தப் பக்கம் என்று மருத்துவருக்கு முக்கால்வாசி தெரிந்துவிடும்.